காலி ஓட்டம்

லாகோஸில் சொந்தமாக விமானம் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். சொந்த விமானத்திலிருந்து இறங்குவதுபோல இறங்குகிறவர்கள் ஏராளம். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் ஓபியோமாவின் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

இகேஜாவில் விமான நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு மாடி அறை, ஓயாமல் இரைகிற ஒரு ஏ.சி., இரண்டு கைபேசி. அவ்வளவுதான் கடை. கடையில் சரக்கு கிடையாது. யாரோ ஒருவருடைய விமானம் எங்கேயோ சும்மா நிற்கும். அதை வேறு யாருக்கோ பேசி முடித்துக் கொடுக்க வேண்டும். வழிக்கா பஞ்சம்! முழு விமானத்தையும் வாடகைக்கு எடுக்கலாம். முன்பணம் கட்டி, வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் என்று அட்டை வாங்கி வைத்துக்கொள்ளலாம். நாலு பேர் கூட்டாக ஒரே விமானத்தை வாங்கி, ஆளாளுக்கு 'என்னோடது' என்று ஊரெல்லாம் சொல்லித் திரியலாம். பறக்கவே வேண்டாம், படியில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்று வருகிற புண்ணியவான்களும் உண்டு. அவர்களுக்கும் ஒரு விலை வைத்திருந்தாள். இத்தனையிலும் மலிவானது காலி ஓட்டம்.

பெரிய மனிதர் ஒருவரை அபுஜாவில் இறக்கிவிட்ட விமானம் வீடு திரும்ப வேண்டாமா? இல்லாவிட்டால் ஒருவரை ஏற்றிக்கொள்ள இங்கிருந்து அசாபாவுக்குப் போக வேண்டாமா? எப்படியும் ஆள் இல்லாமல் பறக்கப்போகிறது. லாரிக்காரர்கள் ரிட்டர்ன் லோடு என்பார்களே, அதேதான். கிடைத்த விலைக்குத் தள்ளிவிடலாம். வாங்குகிறவர் மட்டும் அது காலி ஓட்டம் என்று வெளியே மூச்சு விடமாட்டார்.

இந்த வித்தை ஓபியோமாவுக்குப் படித்து வந்ததில்லை, ரத்தத்தில் வந்தது. அவள் அம்மா உடேன்வா ஒனிட்சா பெரிய சந்தையில் துணிக்கடை வைத்திருந்தவள். துணி ஏற்றிக்கொண்டு நெவிக்குப் போன வண்டி திரும்பும்போது கிழங்கு மூட்டையாவது ஏற்றி வர வேண்டும். வெறும் வண்டியாக வந்து நின்றால் டிரைவர் தொலைந்தான். "காத்தை ஏத்திட்டு வரவாடா உனக்கு டீசல் போட்டேன்?" என்று சந்தையே திரும்பிப் பார்க்கக் கத்துவாள்.

அந்த அம்மா போய் ஒரு மாதம் ஆகிவிட்டது.

காலையில் எழுந்து பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. தம்பி டோபென்னா போனில் அழுது அழுது சொன்னான். ஓபியோமா 'சரிடா, சரிடா' என்றாள். போனை வைத்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள். அடுத்த அழைப்பில் ஒரு பிஷப்புக்கு விமானம் பேசி முடித்தாள். அதன் பிறகு இன்றுவரை கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல இருக்குமே, அப்படி இருந்தது. அது முகத்தில் மட்டும் இல்லை, உடம்பெல்லாம்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி உடலைப் பிணவறையில் வைத்துவிட்டு, அடக்கம் டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை என்று குடும்பத்தார் நாள் குறித்தார்கள். அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டு மணிப் பூசைக்கு முன்னால் ஓபியோமா சொந்த ஊரான உமுஓஜியில், அம்மாவின் பெட்டி பக்கத்தில் நிற்க வேண்டும். மூத்த மகள் அவள். அந்த ஊரில் தாயின் மேல் கடைசித் துணியை மூத்த மகள்தான் போர்த்த வேண்டும். அவள் கையால் போர்த்தாமல் பெட்டியை மூட, இறந்தவளின் பிறந்த வீட்டார் விடமாட்டார்கள். துணியும் அவளிடம்தான் இருந்தது. போன ஈஸ்டருக்கு வந்தபோது அம்மாவே கொண்டுவந்து அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஊதாவில் சரிகை போட்ட ஜார்ஜ் துணி, மதராஸ் என்கிற ஊரிலிருந்து வந்த அசல் சரக்கு. அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று அம்மாவுக்கும் தெரியாது. "நேரம் வரும்போது எடுத்துட்டு வா. அதுக்கு முன்னாடி எவளுக்காவது கட்டக் கொடுத்தே, பெட்டியிலேர்ந்து எழுந்து வந்து அடிப்பேன்" என்றாள்.

போய்ச் சேருவதுதான் பெரிய பாடாக இருந்தது. டிசம்பரில் கிழக்கே போகிற விமானங்களில் ஒரு சீட்டு கிடைக்காது. ஊர் மொத்தமும் கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்புகிற மாதம். ரோட்டு வழியாக வந்தால் வீட்டுக்குள்ளேயே விடமாட்டேன் என்று தம்பி சொல்லிவிட்டான். அந்த வாரம் அந்த ரோட்டில் ஆள் கடத்தல் நடந்திருந்தது. ஒரே வீட்டில் இரண்டாவது சாவு வேண்டாம் என்றான். ஆனால் சனிக்கிழமை காலை, ஊருக்குப் பக்கத்து விமான நிலையமான அசாபாவுக்கு ஒரு காலி ஓட்டம் இருந்தது. ஒரு செனட்டரை அங்கே ஏற்றி அபுஜா கொண்டுபோக வேண்டிய விமானம். கேப்டன் எஃபியோங் பழகிய மனிதர். "ஏறிக்கம்மா. தாயைப் பாக்கப் போறவகிட்ட யாரு காசு கேப்பா?" என்றிருந்தார். கவலை விட்டது என்று துணியைப் பையில் போட்டு, வியாழக்கிழமையே அலுவலக மேஜைக்கு அடியில் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

அன்று மத்தியானம் போன் அடித்தது.

"அக்கா, நான்தான் கெனெச்சி, லெக்கியிலேர்ந்து. சனிக்கிழமை காலையில அசாபாவுக்குக் காலி ஏதாவது ஓடுதா?"

"இருக்கு சார். எட்டு சீட், சுத்தமான வண்டி. போட்டுடட்டுமா?"

"அப்பாடா! கடவுளாப் பாத்துக் கொடுத்தார்க்கா. பொண்ணு வீட்டுக்காரங்க ஏர்போர்ட்டுக்கே வர்றாங்க, மேளதாளத்தோட. என் சொந்த விமானம்னு சொல்லி வச்சிருக்கேன். வேற ஒருத்தர்கூட அதுல இருக்கக் கூடாது, புரியுதா?"

"புரியுது சார். ஒரு ஈ காக்கா ஏறாது."

பணம் உடனே வந்துவிட்டது. ரசீது அனுப்பினாள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தபோதுதான் மேஜைக்கு அடியில் இருந்த பை காலில் இடித்தது. குனிந்து பார்த்தாள். பையின் வாயில் ஊதா நிறம் தெரிந்தது. தன்னுடைய சீட்டைத் தானே விற்றுவிட்டிருக்கிறாள்.

அடிப்பாவி! என்று வேறு யாராவது தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஓபியோமா பையை உள்ளே தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். 'காலியா இருக்கா?' என்று யாராவது கேட்டால் 'இருக்கு சார்' என்பது அவள் வாய்க்கு மூச்சு விடுகிற மாதிரி. மூளைக்குச் சேதி போவதற்குள் வியாபாரம் முடிந்துவிடும். அவளுக்கு உண்மையில் பயமாக இருக்க வேண்டும். பயம் எங்கேயோ தூரத்தில், பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்டது.

கேப்டனைக் கூப்பிட்டாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றார் எஃபியோங். "பெத்த தாய் செத்துக் கிடக்கா. சீட்டை வித்துட்டேன்னு சாவகாசமாச் சொல்ற?"

"வாய் சொல்லிடுச்சு கேப்டன்."

"நல்ல வாய்! இப்ப என்ன பண்ணப் போற?"

"ஒன்பதாவது சீட் இருக்குல்ல?"

"கக்கூஸ் சீட்டா?" என்றார் எஃபியோங்.

"பெல்ட் இருக்கே."

சின்ன விமானங்களில் அப்படி ஒன்று உண்டு. வால் பக்கத்துக் கழிப்பறையில் மூடியின் மேல் ஒரு மெத்தை, இரண்டு பக்கமும் பெல்ட். ஆள் அதிகமானால் அங்கேயும் ஒருவரை உட்கார வைக்கலாம். ஓபியோமா அதை 'தனி அறை சீட்' என்று சொல்லியே எத்தனையோ பேருக்கு விற்றிருக்கிறாள்.

பிறகு கெனெச்சியைக் கூப்பிட்டாள். உண்மையைச் சொல்லிக் கெஞ்சியிருக்கலாம். கெஞ்ச உள்ளே எதுவும் ஊறவில்லை, விற்கத்தான் வந்தது. "சார், ஒரு யோசனை. சொந்த விமானம்னு சொல்றீங்க, பணிப்பெண் இல்லாம இறங்கினா நல்லா இருக்காதே. நானே வர்றேன். பின்னாடி உக்காந்துக்குவேன், கண்ணுலயே படமாட்டேன்."

"அட, இது எனக்குத் தோணலையே! சீருடை உண்டா?"

"கறுப்பு உடுப்பு சார். இப்ப கறுப்புதான் மதிப்பு."

அது அடக்கத்துக்கென்று தைத்த உடுப்பு.

*

சனிக்கிழமை காலை வானம் முழுக்கப் பாலைவனத்திலிருந்து அடிக்கிற ஹார்மட்டான் காற்றின் புழுதி. ஆனாலும் ஓடுபாதை தெரிந்தது. விமானத்தின் படியருகே கேப்டன் எஃபியோங் தேநீர்க் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார். ஒன்பதுக்குக் கிளம்ப வேண்டும். ஒன்பதுக்குக் கெனெச்சி வரவில்லை. ஒன்பதரைக்கும் வரவில்லை.

டோபென்னா கூப்பிட்டான். "அக்கா, எங்க இருக்க? அம்மாவைக் கொண்டுவந்து கூடத்துல வச்சாச்சு. மாமா வந்ததும் வராததுமா உன்னைத்தான் கேக்கறார்."

"கிளம்பிட்டோம்டா."

"ஃபாதருக்கு இன்னிக்கு மூணு அடக்கமாம். பன்னெண்டுக்குத் தொடங்கணும், இல்லேன்னா அடுத்த ஊருக்குப் போயிடுவேன்னு இப்பவே கண்டிப்பாச் சொல்லிட்டார். அம்மாவுக்குப் பூசைன்னா உயிராச்சேக்கா..."

"வந்துடுவேன்டா."

கெனெச்சிக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்கிற நேரத்தில் எடுத்தான். பின்னால் வண்டிச் சத்தம் எதுவும் இல்லை.

"வந்துட்டே இருக்கேன்கா. பாலத்துல நெரிசல்."

"சார், நேரமாகுது. பத்துக்கு அங்க வர்றதாத்தானே பொண்ணு வீட்டுல சொல்லியிருக்கீங்க?"

அவன் சிரித்தான். "இத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருந்துட்டு இப்படிக் கேக்கறீங்களேக்கா! பத்துன்னா பத்துக்கே போய் இறங்கினா, டிக்கெட் வாங்கிட்டு வந்தவன்னு நினைக்கமாட்டாங்க? சொந்த விமானம் வச்சிருக்கறவன் எவன் நேரத்துக்கு வந்திருக்கான்?"

அவன் சொன்னதில் குற்றம் சொல்ல முடியாது. லாகோஸில் உண்மையான சொந்தக்காரர்கள் எல்லோரும் தாமதமாகத்தான் வருவார்கள். விமானம் இன்ஜினை ஓடவிட்டுக் காத்துக்கிடக்கும். அவர்களைப் பார்த்து வாடகைக்காரர்களும் பழகிக்கொண்டார்கள். தாமதத்துக்கு வாடகை கிடையாது, அதை மட்டும் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். 'காத்திருக்க வச்சதுக்கு மன்னிக்கணும் சார்' என்பதை ஓபியோமா கேப்டன்களிடம், செனட்டர்களிடம், செனட்டரின் மனைவிகளிடம், அவர்களுடைய நாய்க்குட்டிகளைத் தூக்கி வருகிறவர்களிடம் நாளெல்லாம் சொல்கிறவள்.

பத்து மணிக்குக் கேப்டன் கோப்பையை வைத்துவிட்டு அவள் முன்னால் வந்து நின்றார்.

"இங்க பாரும்மா. இப்பக் கிளம்பினா பத்தே முக்காலுக்கு உன்னை இறக்கிவிட்டுடுவேன், பன்னெண்டுக்குள்ள வீடு போயிடலாம். சொன்ன நேரத்துக்கு வரலேன்னா விட்டுட்டுப் போகலாம்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. ஆனா புரோக்கர் நீ, நீ சொல்லணும். அவன் பணத்தைத் திருப்பிக் கொடுத்துடுவோம். நீ முன்னாடி நல்ல சீட்டுல காலை நீட்டி உக்காந்துட்டு வா. சொல்லு, கதவைச் சாத்தவா?"

சாத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கு அது தெரிந்தது. அம்மா கூடத்தில் கிடக்கிறாள், துணி கையில் இருக்கிறது, விமானம் எதிரில் நிற்கிறது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"வாடிக்கையாளர் வழியில இருக்கார் கேப்டன்," என்றது வாய். "காத்திருக்க வச்சதுக்கு மன்னிக்கணும்."

எஃபியோங் அவளையே பார்த்தார். அவருக்கு ஆத்திரம் வந்தது தெரிந்தது. பிறகு அது போய்விட்டது. "பதினொண்ணுக்கு மேல செனட்டருக்காக நான் கிளம்பியே ஆகணும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினார்.

பதினொன்றுக்குச் சில நிமிஷம் இருக்கும்போது மூன்று வண்டிகள் வந்து நின்றன. கெனெச்சி வெள்ளை அங்கியும் சிவப்புத் தொப்பியுமாக இறங்கினான். கூடவே அவன் கட்டிக்கொள்ளப்போகிற முனாச்சி, நண்பர்கள், இரண்டு படக்காரர்கள். மொத்தம் எட்டுப் பேர். படியில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறிப் படம் எடுத்தார்கள். கடைசியாகப் படியில் கால் வைத்த ஓபியோமாவிடம் கெனெச்சி, "கறுப்பு பிரமாதம்கா, அசல் ஹோஸ்டஸ்தான்" என்றான்.

மேலே போனதும் எல்லோருக்கும் குடிக்கக் கொடுத்தாள், வறுத்த முந்திரி கொடுத்தாள். கை தானாக வேலை செய்தது. முகம் தானாகச் சிரித்தது. போனை அணைத்து வைத்திருந்ததால் தம்பி கூப்பிடுவது தெரியவில்லை. தெரியாதது சௌகரியமாகத்தான் இருந்தது.

முனாச்சி கைகழுவப் பின்பக்கம் வந்தவள், மெத்தைமேல் இருந்த பையைப் பார்த்துவிட்டாள். "இது ஜார்ஜ்தானே? அய்யோ, என்ன அழகு! இந்தச் சரிகை இப்பெல்லாம் கிடைக்கறதே இல்லை. அக்கா, இதைப் போட்டுக்கிட்டு ஒரே ஒரு படம் எடுத்துக்கட்டுமா? சன்னல் ஓரமா?"

'தாராளமா மேடம்.' வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் கை அதற்கு முன்னால் போய்ப் பையைப் பிடித்துக்கொண்டது. ஓபியோமா தன் கையையே ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"இது... இது கொடுக்கறதுக்கில்ல மேடம்," என்றாள். எதையும் இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. "எங்கம்மாவோடது. இன்னிக்கு அடக்கம்."

முனாச்சி அவளைப் பார்த்தாள், கறுப்பு உடுப்பைப் பார்த்தாள், பெல்ட் போட்ட கழிப்பறையைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். நேரே முன்பக்கம் போய்விட்டாள்.

ஓபியோமா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா விமானம் ஏறியதே இல்லை. ஒரே ஒரு தடவை ஏறப்போனாள். அசாபாவிலிருந்து லாகோஸுக்கு ஒரு காலி ஓட்டம் வந்தது, அம்மாவை வரச் சொல்லியிருந்தாள். அம்மா சந்தை முழுக்கச் சொல்லிவிட்டு, தலைக்கட்டு கட்டிக்கொண்டு, வெண்டைக்காய்க் குழம்பைக் குளிர்விக்கும் பெட்டியில் எடுத்துக்கொண்டு, விடிந்ததும் விமான நிலையம் வந்து உட்கார்ந்துவிட்டாள். நடுவில் யாரோ ஒருவர் மொத்த ஓட்டத்தையும் கேட்டார். ஓபியோமா விற்றுவிட்டாள். மத்தியானம் போன் போட்டு, "அம்மா, அது போயிடுச்சும்மா, வீட்டுக்குப் போயிடு" என்றாள். அம்மா, "என்ன விலைக்குப் போச்சு?" என்று கேட்டாள். சொன்னதும், "அப்போ சரி, நல்ல விலைதான்" என்றாள். குழம்பை அங்கேயே பாதுகாவலர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனதாகத் தம்பி பிறகு சொன்னான். நாளெல்லாம் எல்லோரிடமும் சொல்கிற அந்த மன்னிப்பு வாக்கியத்தை அன்றைக்கு அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று ஓபியோமாவுக்குத் தோன்றவே இல்லை.

*

அசாபாவில் கதவு திறந்தபோது மேளம் காதைப் பிளந்தது. பெண் வீட்டார் ஒரே நிற உடுப்பில் வரிசை கட்டி நின்றார்கள். கெனெச்சி படியில் இறங்கவில்லை. முனாச்சி அவன் காதில் ஏதோ சொன்னாள். அவன் கேப்டனைக் கேட்டான். கேப்டன் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

கெனெச்சி பின்பக்கம் வந்தான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தான். பந்தா எல்லாம் இறங்கிப்போன முகம்.

"ஏன்கா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"நீங்க பணம் கட்டியிருந்தீங்க சார்."

"நாசமாப் போச்சு பணம்! நெரிசலும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. காலையில ஏழு மணிக்கே குளிச்சு, கிளம்பி, செருப்புகூடப் போட்டுட்டு வீட்டுல உக்காந்திருந்தேன். தாமதமா வரணுமேன்னு. சும்மா உக்காந்து டிவி பாத்துட்டிருந்தேன்கா."

ஓபியோமா தலையாட்டினாள். அவனைத் திட்ட வேண்டும் என்று தோன்றியது. அது எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ நின்றுவிட்டது. மணி பன்னிரண்டாகப்போகிறது.

"வெளிய எனக்காக நிக்கற முதல் வண்டியை எடுத்துட்டுப் போங்க," என்றான். "சைரன் வச்ச வண்டி, போலீஸ் இருக்கு. டிசம்பர் நெரிசல்ல நைஜர் பாலத்தை வேற எதாலயும் தாண்ட முடியாது. அதுவும் வாடகைதான், சாயங்காலம் வரைக்கும் பேசியிருக்கேன். போங்க, போங்க!"

மாமனார் வீட்டார் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, அவளை அவனே கைபிடித்து வண்டியில் ஏற்றிவிட்டான். சொந்த விமானத்துக்காரன் தன் பணிப்பெண்ணுக்கு வண்டியைக் கொடுத்துவிட்டு வெயிலில் நிற்பதை அவர்கள் என்னவென்று எடுத்துக்கொண்டார்களோ, தெரியாது.

பாலத்தில் சைரன் அலறியது. லாரிகள் விலகின, கிழங்கு விற்கிற பெண்கள் சாபம் கொடுத்தபடி ஒதுங்கினார்கள். அப்படியும் உமுஓஜி போய்ச் சேரும்போது மணி ஒன்றேகால்.

பந்தலின் கீழே மாதர் சங்கத்துப் பெண்கள் நீலச் சீருடையில் பாடிப் பாடித் தொண்டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் பூசை மேடையில் வெள்ளைத் துணி விரித்தபடியே இருந்தது. மெழுகுவர்த்திகளை அணைத்திருந்தார்கள்.

டோபென்னா ஓடிவந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஃபாதர் போயிட்டார்க்கா. பன்னெண்டரை வரைக்கும் பாத்தார். பெட்டியை மூடினாத்தான் பூசைன்னார், மாமா மூட விடல. கெஞ்சினேன், கால்ல விழுந்தேன். இனி உபதேசியார்தான் ஜெபம் சொல்லி அடக்கம் பண்ணப்போறார். நாப்பது வருஷம் ஒரு பூசை தவறவிட்டவ இல்லக்கா அம்மா. அவளுக்கே இல்லாமப் போச்சு." அவள் தங்கையாக இருந்திருந்தால் அடித்திருப்பான். அக்கா என்பதால் தன் தொடையில் அடித்துக்கொண்டான்.

கூடத்தில் பெட்டி திறந்திருந்தது. தலைமாட்டில் நாற்காலி போட்டு, இரண்டு கையாலும் பெட்டி மூடியைப் பிடித்துக்கொண்டு எசென்வா மாமா உட்கார்ந்திருந்தார். அம்மாவின் ஒரே அண்ணன். பிறந்த வீட்டு ஆட்கள் நாலு பேர் பின்னால் காவல்போல நின்றார்கள்.

"வந்துட்டியா?" என்றார். கோபமில்லை. "ஆளாளுக்கு என்னைத் திட்டினாங்க. ஃபாதர்கூடத் திட்டினார். என் தங்கச்சி எம்மேலதான் பாரம் வச்சிட்டுப் போனா. 'அண்ணா, அவளுக்கு வேலை ஜாஸ்தி, லேட்டாத்தான் வருவா, மூட விட்டுடாதே'ன்னு எப்பவோ சொன்னா. பூசையா, மகளான்னு கேட்டா அவ எதைச் சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியும். அதான் உக்காந்துட்டேன்."

ஓபியோமா பையிலிருந்து துணியை எடுத்தாள். உதறினாள். ஊதா நிறம் கூடம் முழுக்க விரிந்து அடங்கியது. பந்தலில் இருந்த பெண்கள் எழுந்து வாசலில் வந்து கூடினார்கள். அம்மாவின் முகத்தில் பவுடர் அதிகமாகப் போட்டிருந்தார்கள். தலைக்கட்டு கட்டியிருந்தார்கள், அன்று விமான நிலையத்துக்குக் கட்டிக்கொண்டு வந்ததுபோல.

காலடியிலிருந்து போர்த்திக்கொண்டு வந்தாள். ஓரங்களை உள்ளே மடித்துச் செருகினாள். மார்புவரை வந்ததும் குனிந்தாள். வாய் வழக்கம்போல முந்திக்கொண்டது.

"காத்திருக்க வச்சதுக்கு மன்னிக்கணும் மேடம்."

வாசலில் ஒருத்தி சிரித்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் அவளைக் கிள்ளினாள். "அக்கா?" என்றான் டோபென்னா பயந்துபோய்.

அந்த வாக்கியம் கூடத்தில் அப்படியே நின்றது. ஓபியோமாவுக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. எத்தனையோ ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள், காதில் விழுந்தது இதுதான் முதல் தடவை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு ஒரு மாதத்து அழுகையும் வந்தது. வாய் கோணி, மூக்கு ஒழுகி, சந்தையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தி அழுதாள். வலித்தது. எங்கெங்கே வலிக்க வேண்டுமோ அங்கெல்லாம் வலித்தது.

யாரும் அவளைத் தூக்கவில்லை. உபதேசியார் ஜெபப் புத்தகத்தோடு வாசலில் வந்து நின்று, வெயிலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

மாமா மெல்லக் குனிந்தார். "அம்மாடி, மூடிடலாமா?"

ஓபியோமா முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் தோளில் துணி இன்னும் சரியாக உட்காரவில்லை.

"கொஞ்சம் பொறுங்க மாமா," என்றாள். இந்தத் தடவை வாய் முந்திக்கொள்ளவில்லை, அவள்தான் சொன்னாள்.

எல்லோரும் பொறுத்தார்கள்.